அப்பா அம்மாவோடு ரெயின்டீர் பண்ணை, ஸ்லெட்ஜ் சவாரி: கிறிஸ்துமஸ் வாரமா, பிப்ரவரியா?

எஸ்பூ மைனா

வணக்கம். பின்லாந்தின் தெற்கே எஸ்பூவுக்குக் குடிவந்து பதினான்கு மாதம் ஆகிறது, இன்னும் வடக்கே சாண்டா ஊரான ரோவனியெமி பக்கம் போனதில்லை. டிசம்பர் நடுவில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், 90 நாள் விசா. அப்பாவுக்கு 68, வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எதைப் பார்த்தாலும் கணக்குக் கேட்பார். அம்மாவுக்கு 63, முழங்கால் வலி, சுத்த சைவம், ஃப்ரிட்ஜைத் திறந்தாலே சால்வை தேடுகிற ரகம். மகளுக்கு ஐந்து வயது, சாண்டாவின் வண்டியை இழுக்கிற மான் பறக்கும் என்று முழுசாக நம்பிக்கொண்டிருக்கிறாள்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்த மானை வளர்க்கிற ரெயின்டீர் பண்ணைக்குப் போய், அது இழுக்கிற ஸ்லெட்ஜில் (பனியில் சறுக்கும் வண்டி) ஏற்றிவிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். விலையைப் பார்த்தால் பத்து நிமிடச் சவாரி ஒரு விலை, ஒரு மணி நேரம் ஒரு விலை, மூன்று மணி நேரம் பண்ணை விருந்தோடு இன்னொரு விலை என்று போகிறது. ஐந்து பேருக்குக் கூட்டினால் தலை சுற்றுகிறது. எது கொடுத்த காசுக்குத் தகும்? அம்மா அந்தக் குளிரில் ஒரு மணி நேரம் உட்காருவாரா? வண்டி வேகமாகப் போனால் முழங்கால் என்ன ஆகும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓலு வாத்தியார்

ஓலுவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். வருகிற சொந்தக்காரர்களையெல்லாம் வடக்கே கூட்டிப்போய்க் காட்டுவது என் தலையெழுத்து, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வேகம். பயமே வேண்டாம், வேகம் என்ற ஒன்றே அதில் கிடையாது. ஒரு மானின் கயிற்றை முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தில் கட்டியிருப்பார்கள், அதற்குப் பின்னால் அடுத்தது, இப்படி நான்கைந்து வண்டிகள் சரமாகப் போகும். இந்தச் சரத்துக்கு ஃபின்னிஷில் ‘ரைத்தோ’ என்று பெயர். வழிகாட்டி முன்னால் நடந்தே போவார், சில இடங்களில் ஸ்னோமொபைலில் மெதுவாக. ஆக, மனிதன் நடக்கும் வேகம்தான். வேகம் வேண்டுமென்றால் ஹஸ்கி நாய் வண்டி. இது மாட்டுவண்டியில் சந்தைக்குப் போவது மாதிரி, அப்படி நினைத்துக்கொண்டு ஏறினால் ஏமாற்றம் இருக்காது.

இதனால்தான் பத்து நிமிடச் சவாரியை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஏறி, மான் தோலைப் போர்த்தி, போட்டோ எடுத்து முடிப்பதற்குள் இறக்கிவிடுவார்கள். முக்கால் மணி ஒரு மணி என்றால், முதல் கால்மணி எல்லோரும் பேசிக்கொண்டே இருப்பார்கள், அப்புறம் தானாகப் பேச்சு நின்றுவிடும். அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழும். ரெயின்டீர் நடக்கும்போது காலில் ‘டிக், டிக்’ என்று கேட்கும். குளம்புக்கு மேலே தசைநார் எலும்பின்மேல் வழுக்கி விழுகிற சத்தம் அது. பனிமூட்டத்திலும் இருட்டிலும் மந்தை ஒன்றையொன்று தவறவிடாமல் இருக்க அது உதவுகிறது என்று சொல்வார்கள். வெள்ளைக் காட்டுக்குள் அந்த டிக் டிக்கும் வண்டிச் சட்டம் பனியில் உரசுவதும் தவிர வேறு ஒன்றுமே கேட்காது. என் மாமனார், நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்க்கிறவர், அரைமணி நேரம் அசையாமல் இருந்தார். (போன் குளிரில் செத்துவிட்டது என்பதும் உண்மை. சட்டையின் உள்பையில் வையுங்கள்.)

குளிர்: நடக்கும்போது குளிராது, உட்கார்ந்தால்தான் குளிரும். ஸ்லெட்ஜில் உடம்பு வேலையே செய்யாது, அதனால் மைனஸ் 15 கூட மைனஸ் 25 மாதிரி இருக்கும். பண்ணையில் முழு ஓவரால் (உடம்பு முழுக்க மூடும் குளிர் உடை), பூட்ஸ், கையுறை பெரும்பாலும் கொடுப்பார்கள், முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் உள்ளே போடுவது உங்கள் பொறுப்பு. பருத்தி கூடவே கூடாது, வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு அப்புறம் அதுவே ஐஸ் ஒத்தடம் கொடுக்கும். உடம்போடு ஒட்டிய மெரினோ கம்பளி, அதன்மேல் ஃபிளீஸ், மேலே ஓவரால். பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்க வேண்டும், கால்விரல் அசைய இடம் இல்லாவிட்டால் எத்தனை சாக்ஸ் போட்டும் பிரயோஜனம் இல்லை. இன்னொன்று, ஓவராலுக்குள் போவதற்கு முன்னாலேயே அம்மாவையும் குழந்தையையும் பாத்ரூம் போகச் சொல்லிவிடுங்கள். இதை யாரும் எழுதமாட்டார்கள், அதனால் நான் எழுதுகிறேன்.

மாதம்: டிசம்பர் வேண்டாம், பிப்ரவரி. கிறிஸ்துமஸ் சமயத்தில் ரோவனியெமியில் பகல் இரண்டு மணி நேரம் சொச்சம்தான், இன்னும் வடக்கே இனாரிப் பக்கம் சூரியன் தலையே காட்டாது. அந்த நீல வெளிச்சம் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அம்மா அப்பாவுக்கு அது பகல் முழுக்க மாலை ஆறு மணி. எஸ்பூ பள்ளிகளுக்கு வருடத்தின் 8ஆம் வாரம், பிப்ரவரி பின்பாதியில், பனிச்சறுக்கு விடுமுறை வருகிறதே, அப்போது அங்கே எட்டு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும், பனியும் ஆழமாக இருக்கும். அந்த வாரமும் கூட்டம் உண்டு, ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

முழங்கால்: வண்டியில் இரண்டு வகை. படகு மாதிரி தரையோடு ஒட்டியிருக்கும் ‘புல்க்கா’, சட்டத்தின்மேல் இருக்கை வைத்த ‘ரெக்கி’. ரெக்கிதான் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். அதுவும் உயரம் ஒன்றும் இல்லை, எழும்போது ஒரு கை கொடுக்க வேண்டும். ஹெல்சிங்கியிலிருந்து இரவு ரயிலில் போவதாக இருந்தாலும் இதே கதைதான்: உள்ளேயே குளியலறையும் கழிப்பறையும் உள்ள அறைகள் மேல் தளத்தில், குறுகலான படி ஏற வேண்டும். கீழ்த்தளத்து அறையில் படி இல்லை, ஆனால் நள்ளிரவில் பொதுக் கழிப்பறைக்கு நடக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு எது தேவலை என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.


வெந்தயக்களி

வாத்தியார் சொல்வதற்கு நானே சாட்சி. மூன்று வருடம் முன்பு டிசம்பர் 23, ரோவனியெமியில் ஒரு இடம், பெயர் வேண்டாம். மைனஸ் 22இல் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றோம், சவாரி மொத்தம் ஒரு வட்டம், பாட்டு ஒன்று பாடி முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. என் பையன் இறங்கி ‘எப்போ ஆரம்பிக்கும்?’ என்று கேட்டான். பறக்கும் என்று நம்புகிற குழந்தைக்கு வீட்டிலேயே ஒரு வார்த்தை சொல்லிக் கூட்டிப்போங்கள். நாங்கள் ‘24ஆம் தேதி ராத்திரி மட்டும்தான் பறக்கும், மற்ற நாளெல்லாம் ஓய்வு’ என்று சமாளித்தோம்.


வடகடல் பெடியன்

நான் இருப்பது நோர்வேயில், ட்ரோம்ஸோ. அப்பா 80களின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேயின் வடகோடி ஃபின்மார்க் வந்து மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்தவர், அங்கே இருந்த எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு அதுதான் வேலை. என்னோடு படித்த சாமி (Sámi, இந்த வடபகுதியின் பழங்குடி மக்கள்) வீட்டுப் பிள்ளைகளுக்கு மந்தை இருந்தது, அதனால் இந்த மிருகத்தைச் சுற்றுலாவுக்கு முன்னமே எனக்குத் தெரியும்.

ஒரு விஷயம் விளங்கிக்கொண்டு போனால் பண்ணையில் பார்ப்பது வேறு மாதிரித் தெரியும். இங்கே நோர்வேயில் சாமி ரெயின்டீர் மேய்ச்சல் பகுதிகளில் மந்தை வைத்திருக்கும் உரிமை சாமி மக்களுக்கு மட்டும்தான். பின்லாந்தில் அப்படி இல்லை, மேய்ச்சல் பகுதியில் குடியிருக்கிற ஃபின்னியரும் வைத்திருக்கலாம், நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தப் பகுதிதான், 54 மேய்ச்சல் கூட்டுறவுகள். ஆகவே ரோவனியெமியில் நீங்கள் பார்க்கிற பண்ணைக்காரர் பெரும்பாலும் ஃபின்னியர். ரோவனியெமி சாமி தாயகத்துக்கு வெளியே இருக்கிறது, இனாரி, உட்ஸ்யோக்கி, எனோன்டெக்கியோ, சோடான்கூலாவின் வடபகுதி, இவைதான் பின்லாந்துப் பக்கத்துத் தாயகம். நீலச் சட்டையும் நான்கு முனைத் தொப்பியும் போட்ட வேறு யாரோ ஒரு ஆள் சாமி என்று சொல்லிப் பயணிகளுக்கு முன்னால் ஆடுவது முன்பு நிறைய நடந்தது. அது எப்படி வலிக்கும் என்று எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2018இல் பின்லாந்தின் சாமி நாடாளுமன்றம் சுற்றுலாவுக்கு ஒழுங்குவிதிகளே வெளியிட்டது. சாமி வாழ்க்கையையும் பார்க்க வேண்டும் என்றால் இனாரி வரை போங்கள், சீடா அருங்காட்சியகம் அங்கேதான், சாமி குடும்பங்கள் நடத்துகிற பண்ணைகளும் அந்தப் பக்கம் இருக்கின்றன.

அடுத்தது, உங்கள் அப்பாவுக்கு. பண்ணைக்காரரிடம் ‘உங்களிடம் எத்தனை ரெயின்டீர்?’ என்று கேட்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். வங்கியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்பதும் அதுவும் ஒன்று. அவர் வங்கிக்காரர் என்கிறீர்கள், விளங்கும்.

காது வெட்டைப் பற்றிக் கேட்கலாம், சந்தோஷமாகச் சொல்வார்கள். கோடையில் கன்று பிடித்துக் காதில் கத்தியால் அடையாளம் வெட்டுவார்கள், ஒவ்வொரு உரிமையாளருக்கும் ஒரு வடிவம். காட்டில் அலைகிற மானுக்கு அதுதான் உரிமைப் பத்திரம்.

குளிர்காலத்து மழையைப் பற்றியும் கேளுங்கள். முன்பு பனி மட்டும் விழும், மான் குளம்பால் தோண்டி அடியில் இருக்கிற பாசியைத் தின்னும். இப்போது நடுக் குளிர்காலத்தில் மழை பெய்கிறது, அது பனியின்மேல் உறைந்து கண்ணாடி மாதிரிப் பூட்டிவிடுகிறது. அடியில் தீனி இருக்கும், எட்டாது. பிறகு காசு கொடுத்துத் தீவனம் வாங்கிப் போட வேண்டும். சில குடும்பங்கள் சவாரி நடத்துவதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம்.

இன்னொன்று, பத்திரிகைகளில் இதைக் கலைமான் என்று எழுதுகிறார்கள். கலை என்றால் ஆண் மான். இந்த இனத்தில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு, மான் இனங்களில் இது ஒன்றுக்குத்தான் அப்படி. அதனால் நான் ரெயின்டீர் என்றே எழுதிவிட்டேன், தமிழாசிரியர்கள் மன்னிக்கவும்.


எஸ்பூ மைனா

எல்லோருக்கும் நன்றி. பிப்ரவரி, 8ஆம் வாரம் என்று முடிவாகிவிட்டது. வீட்டுக்காரர் முகம்தான் கொஞ்சம் தொங்கிவிட்டது.

அம்மாவிடம் நேற்று போனில் சொன்னேன். முதல் கேள்வி: ‘வாயில்லா ஜீவன்மேல ஏறி உட்கார்ந்து இழுக்க விடறது பாவம் இல்லையாடி?’ எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது கேள்வி, அங்கே சாப்பிட என்ன கிடைக்கும். அதற்கும் தெரியவில்லை. புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா?


ஊசிப்போன மருத்துவர்

ஊரில் கால்நடை மருத்துவம் படித்தேன், இப்போது ஸ்வீடனில். உங்கள் அம்மாவின் கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடையாது, தெரிந்ததைச் சொல்கிறேன்.

வண்டி இழுப்பவை பெரும்பாலும் காயடித்த ஆண்கள், நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். காயடிக்காத ஆண் இனச்சேர்க்கைக் காலம் முடிந்ததும் குளிர்காலத் தொடக்கத்திலேயே கொம்பை உதிர்த்துவிடும். பெண்ணுக்கு வசந்தத்தில் கன்று ஈனும் காலம் வரை இருக்கும், காயடித்ததற்கும் நீண்ட நாள் தங்கும். ஆகவே பிப்ரவரியில் நீங்கள் பார்க்கிற பெரிய கொம்புகள் பெண்ணுடையதாகவோ காயடித்ததுடையதாகவோ இருக்கும். சாண்டாவின் மான்களுக்கும் இதே கணக்கு, அதைக் குழந்தையிடம் சொல்ல வேண்டாம். வண்டிக்குப் பழக்குவது ஒரு குளிர்காலத்தில் முடிகிற வேலையும் அல்ல, வருடக்கணக்கில் ஆகும், எல்லா மானும் ஒத்துவராது. பனியில் சறுக்கும் வண்டியில் இரண்டு பேரை இழுப்பது, சாலையில் சக்கர வண்டி இழுக்கிற மாட்டின் பாட்டோடு ஒப்பிட்டால் லேசு. குளிர் அதற்குப் பிரச்சினையே இல்லை. உள்ளே காற்று நிரம்பிய முடி, மூக்குக்குள் காற்றைச் சூடாக்கி நுரையீரலுக்கு அனுப்புகிற சுருள்கள், எல்லாம் அதற்காகவே அமைந்தவை. அதற்கு ஆகாதது வெப்பம்தான். வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டு நிற்கிற மானை, தோலில் வார் உரசிப் புண்ணான மானைப் பார்த்தால் அந்தப் பண்ணையில் ஏறாதீர்கள். மாற்றி மாற்றி ஓய்வு கொடுக்கிறார்களா, ஒரே மான் காலையிலிருந்து சுற்றுகிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ரெயின்டீர் வளர்ப்பின் முதுகெலும்பு இறைச்சிதான். நீங்கள் உட்காரும் தோலும் அதிலிருந்து வந்ததுதான், ‘கோத்தா’ என்கிற கூம்புக் குடிலில் தீயைச் சுற்றி உட்கார வைத்து, பலருக்கு மான் கறி வறுவலை உருளைக்கிழங்கு மசியலோடும் லிங்கன்பெரியோடும் கொடுப்பார்கள். அம்மாவுக்கு இது போகும் முன்பே தெரிந்திருப்பது நல்லது, அங்கே போய்த் தெரிந்தால் மனசு கஷ்டப்படும்.

சாப்பாடு: சைவம் என்று முன்பதிவிலேயே எழுதுங்கள், பெரும்பாலும் காளான் அல்லது காய்கறி சூப் செய்து தருவார்கள், அதில் என்ன சாறு ஊற்றினார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். பற்களுக்கிடையில் கிறீச்சென்று சத்தம் போடும் ஒரு சுட்ட பாலாடைக்கட்டி கிடைக்கும், லேய்பயூஸ்தோ என்று பெயர், மஞ்சள் நிறக் கிளவுட்பெரி ஜாமோடு அருமையாக இருக்கும், ஆனால் அது ரென்னெட் (வழக்கமாகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது) போட்டுத் திரிப்பது. புல்லா என்ற இனிப்பு ரொட்டியில் ஏலக்காய் மணக்கும், அம்மாவுக்குப் பிடிக்கும், மேலே முட்டை தடவியிருப்பார்கள். சூடான பெரிச் சாறு மட்டும் எந்த வில்லங்கமும் இல்லை. புளியோதரை தாராளமாகக் கட்டுங்கள், சவாரியில் பிரிக்காதீர்கள், கோத்தாவுக்குள் வந்து பிரியுங்கள். வெளியே அது செங்கல்.

மானின் கண்ணைப் பார்க்க மறக்காதீர்கள். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் கோடையில் பொன்னிறம், குளிர்காலத்தில் நீலம், இருட்டில் இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காக. 2013இல்தான் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள்.


எஸ்பூ மைனா

சில மாதம் கழித்து எழுதுகிறேன், போய்வந்து மூன்று நாள் ஆகிறது. யாராவது பின்னால் தேடி வந்து படிப்பார்கள் என்பதற்காக.

இனாரி வட்டாரத்துச் சாரிசெல்கா பக்கம் ஒரு குடும்பப் பண்ணை. ஒரு மணி நேரச் சவாரி, மூன்று மணி நேரம் மொத்தம். மைனஸ் 17. அம்மா உள்ளே இரண்டு அடுக்குக் கம்பளி, மேலே ஓவரால், அதன்மேல் தன் சால்வை. பண்ணைக்கார அம்மா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இன்னும் இறுக்கமாகக் கட்டிவிட்டார். ரெக்கி வண்டிதான், எழும்போது இரண்டு பேர் தூக்கிவிட்டோம், முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வாத்தியார் அண்ணா, டிக் டிக் கேட்டது. எங்களுக்குப் பின்னால் வந்த மான் பாதி வழியில் என் தோளுக்குப் பக்கத்திலேயே மூக்கை வைத்துக்கொண்டு நடந்தது, கழுத்தில் சூடான மூச்சு, ஈரவைக்கோல் வாசனை. இதை யாருமே சொல்லவில்லையே! மகள் ஐந்து நிமிடத்தில் பறப்பதை மறந்துவிட்டாள், முன்னால் போகிற மான் நடந்துகொண்டே சாணி போடுவதை எண்ணிக்கொண்டிருந்தாள். நான்கு தடவை.

அம்மாதான் ஆச்சரியம். சவாரியில் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கியதும் நேராக வண்டி இழுத்த மானிடம் போய், பண்ணையில் கொடுத்த பாசியைக் கையில் நீட்டினார். கடிக்குமோ என்று நான் பதற, அவரே உதட்டைப் பார்த்து, ‘மேல முன்பல்லே இல்லடி, நம்ம லட்சுமி மாதிரி’ என்றார். (தாத்தா வீட்டுப் பசு.) பாவமா இல்லையா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோத்தாவுக்குள் மற்றவர்கள் கறி சாப்பிட்டபோது வாசல் ஓரமாக உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார். பண்ணைக்கார அம்மாவுக்கும் ஒரு கரண்டி போனது, அவர் கண்ணில் தண்ணீர் வந்தும் இன்னொரு கரண்டி கேட்டார்.

அப்பாவிடம் கிளம்பும்போது சொன்னேன், ரயிலில் சொன்னேன், பண்ணை வாசலில் வைத்தும் சொன்னேன். தலையாட்டினார். காது வெட்டைப் பற்றிக் கேட்டார், மழையைப் பற்றிக் கேட்டார், தீவன மூட்டை விலை கேட்டார், மனதுக்குள் ஏதோ பெருக்கிப் பார்த்தார், கடைசியில் கேட்டேவிட்டார்: மொத்தம் எத்தனை உருப்படி?

நான் தரையைப் பார்த்தேன். அந்தப் பெரியவர் கோபப்படவில்லை, தீயில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு ஃபின்னிஷில் ஏதோ சொல்ல, அவர் மகன் ஆங்கிலத்தில் சொன்னார்: ‘மரத்துக்கு இந்தப் பக்கமும் கொஞ்சம், அந்தப் பக்கமும் கொஞ்சம்.’ இங்கே காலங்காலமாகச் சொல்கிற பதிலாம்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். முப்பத்திரண்டு வருடம் கடன் விண்ணப்பம் பார்த்தேன், இவ்வளவு நேர்த்தியாக யாரும் மறைத்ததில்லை என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.